ஊடக அதிபர்களை எழுதுவோர்: நெருக்கம் தருவதும் பறிப்பதும்

அமைச்சரைப் பற்றி எழுதச் செய்தியாளர்களுக்குப் பஞ்சமில்லை. தொழிலதிபரைப் பற்றியும் நீதிபதியைப் பற்றியும் எழுத ஆள் கிடைக்கும். ஆனால் நாளிதழையோ தொலைக்காட்சியையோ திரைப்பட நிறுவனத்தையோ கையில் வைத்திருப்பவரைப் பற்றி எழுத முன்வருவோர் எப்போதும் சிலரே. அவர்கள் எழுதப்போகும் மனிதர் நேற்று அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவராக இருக்கலாம். நாளை கொடுக்கப்போகிறவராகவும் இருக்கலாம். அவர்களுடைய புத்தகத்தை வெளியிடும் பதிப்பகமும் அதற்கு மதிப்புரை எழுதும் நாளிதழும் அவருக்கே சொந்தமாக இருக்கவும் வாய்ப்புண்டு. பிற அதிகாரங்களைக் கேள்வி கேட்கும் செய்தியாளருக்குப் பின்னால் அவருடைய நிறுவனம் நிற்கிறது. ஊடக அதிகாரத்தைக் கேள்வி கேட்பவருக்கு அந்தத் துணை உறுதியில்லை.

இந்நிலையில் அதிபரை எவ்வளவு நெருங்கலாம்? அருகில் சென்றால்தான் அவருடைய இயல்பும் நிறுவனத்தின் உள்நடப்பும் தெரியும் என்கிறது ஒரு தரப்பு. அருகில் சென்றவர் கூர்மையை இழப்பார் என்கிறது மறுதரப்பு. ஆளைப் பார்ப்பதே தவறு, அமைப்பைப் பார்க்க வேண்டும் என்கிறது மூன்றாவது தரப்பு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நூறாண்டுகளுக்கு மேலாக இக்கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்பட்டுவந்திருக்கின்றன. அவற்றின் தோற்றம், பலம், பலவீனம் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. அரை நூற்றாண்டுப் பணியில் இக்கேள்வியின் எல்லாப் பக்கங்களையும் சந்தித்த அமெரிக்கச் செய்தியாளர் கென் ஆலெட்டாவின் எழுத்து இந்தத் தொகுப்பின் நடுவில் நிற்கிறது.

வெளியே நின்று குற்றஞ்சாட்டுதல்

பத்திரிகை முதலாளிகளைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு ஆராயும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. 1911இல் வில் இர்வின் என்ற செய்தியாளர் ‘காலியர்ஸ்’ வார இதழில் அமெரிக்க நாளிதழ்களைப் பற்றி நீண்ட தொடர் ஒன்றை எழுதினார். விளம்பரதாரர்களின் பிடி செய்தியை எப்படி வளைக்கிறது என்பதை அத்தொடர் எடுத்துக்காட்டியது. இர்வினின் தொனி நிதானமானது. எட்டு ஆண்டுகள் கழித்து வந்த அப்டன் சிங்க்ளேரிடம் அந்த நிதானம் இல்லை. ‘தி பிராஸ் செக்’ என்ற நூலை அவர் 1919இல் தாமே அச்சிட்டு வெளியிட்டார். செய்தி நிறுவனங்களும் நாளிதழ்களும் பணத்துக்கு விலைபோனவை என்பது அவருடைய நேரடிக் குற்றச்சாட்டு.

இந்த மரபை முழுநேரப் பணியாக்கியவர் ஜார்ஜ் செல்டஸ். வெளிநாட்டுச் செய்தியாளராக இருந்தவர், பின்னர் வேலையை விட்டு வெளியேறி, 1938இல் ‘லார்ட்ஸ் ஆஃப் தி பிரஸ்’ நூலில் பத்திரிகை அதிபர்களைப் பெயர் சொல்லி ஆராய்ந்தார். 1940 முதல் 1950 வரை ‘இன் ஃபேக்ட்’ என்ற செய்தி மடலை நடத்தினார். புகையிலைக்கும் ஆயுட்குறைவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய அறிவியல் ஆய்வுகள் நாளிதழ்களில் ஏன் இடம்பெறவில்லை என்ற கேள்வியை அவர் விடாமல் எழுப்பினார். சிகரெட் விளம்பரம் நாளிதழ்களுக்குப் பெரும் வருவாய் ஈட்டித்தந்த காலம் அது.

இவ்வழியின் பலம் அதன் விடுதலை. முதலாளியின் தயவு தேவையில்லாதவரால்தான் பிறர் தொடாததைத் தொட முடியும். புகையிலை விஷயத்தில் செல்டஸ் சொன்னதன் பக்கம் காலம் நின்றது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. உள்ளே நடப்பதைப் பார்க்க வழியில்லாததால், வெளியில் தெரியும் விளைவை வைத்து உள்நோக்கத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. ஒரு செய்தி வெளிவராமல்போனதற்கு முதலாளியின் கட்டளை காரணமா, ஆசிரியரின் அச்சமா, வெறும் கவனக்குறைவா என்று பிரித்துக்காட்ட இவ்வழியில் சான்று கிடைப்பது அரிது. நிறுவனத் துணையில்லாத இதழ் நீடிப்பதும் கடினம். ‘இன் ஃபேக்ட்’ பத்தாண்டுகளில் நின்றுபோனது.

பக்கத்தை வாசித்தே தீர்ப்பளித்தல்

இரண்டாவது விடை எளிமையானது: முதலாளியைச் சந்திக்கவே வேண்டாம், அவர் அச்சிடுவதைக் கவனமாக வாசித்தால் போதும். ‘நியூயார்க்கர்’ இதழில் 1927இல் ராபர்ட் பெஞ்ச்லி தொடங்கிய ‘தி வேவர்ட் பிரஸ்’ பத்தியை 1945 முதல் தாம் இறந்த 1963 வரை ஏ. ஜே. லீப்ளிங் எழுதினார். ஒரே நிகழ்வை வெவ்வேறு நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன, எதைப் பெரிதாக்கின, எதை மறைத்தன என்று ஒப்பிட்டுக் காட்டுவது அவருடைய முறை. நகரங்களில் போட்டி நாளிதழ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஒற்றை நாளிதழ் ஊர்கள் பெருகிவந்ததை அவர் அப்போதே ஆபத்தாகக் கண்டார்.

இம்முறையில் அவதூறு வழக்குக்கு இடம் குறைவு. சான்று வாசகரின் கையிலேயே இருக்கிறது. அதிபரின் விருந்தில் அமர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அச்சில் வந்ததை மட்டுமே இது பேசும். அச்சுக்கு வராமல் அலுவலக அறையில் முடிந்துபோகும் விஷயங்களை, குறிப்பாக முதலாளியின் சொந்த நடத்தையை, எவ்வளவு கூர்ந்து வாசித்தாலும் பக்கத்திலிருந்து எடுக்க முடியாது.

அருகில் அமர்ந்து எழுதுதல்

அந்த அறைக்குள் நுழைவதே மூன்றாவது வழி. அதன் முதன்மையான எடுத்துக்காட்டு ஆலெட்டா. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1942இல் பிறந்தவர், அரசறிவியல் படித்தவர். தேர்தல் பிரசாரங்களிலும் நகர நிர்வாகத்திலும் வேலை பார்த்த பிறகே செய்தித் துறைக்கு வந்தார். 1977 முதல் ‘நியூயார்க்கர்’ இதழுக்கு எழுதினார். நியூயார்க் நகரின் நிதி நெருக்கடி, அடித்தட்டு மக்களின் வறுமை, லீமன் பிரதர்ஸ் நிறுவனத்தில் நடந்த அதிகாரப் போட்டி ஆகியவற்றைப் பற்றிய நூல்களுக்குப் பிறகுதான் ஊடகம் அவருடைய களமானது.

திருப்பம் 1991இல் வந்த ‘த்ரீ பிளைண்ட் மைஸ்’ நூல். 1986இல் அமெரிக்காவின் மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களும் புதிய உரிமையாளர்களின் கைக்குப் போயிருந்தன. ஏபிசி கேப்பிட்டல் சிட்டீஸிடமும், என்பிசி ஜெனரல் எலக்ட்ரிக்கிடமும், சிபிஎஸ் லாரன்ஸ் டிஷ்ஷின் கட்டுப்பாட்டுக்கும் வந்தன. ஆலெட்டா பல ஆண்டுகள் மூன்று நிறுவனங்களுக்குள்ளும் சென்றுவந்து, செலவுக் குறைப்பும் லாபக் கணக்கும் செய்திப் பிரிவுகளை எப்படி மாற்றின என்று எழுதினார். பிறகு 1990களின் தொடக்கத்தில் ‘நியூயார்க்கர்’ இதழில் ஊடகத் தொழிலுக்கென்றே தனிப் பத்தி தொடங்கினார். பேரி டில்லர், ரூபர்ட் முர்டாக், டெட் டர்னர், ரோஜர் ஏல்ஸ், ‘நியூயார்க் டைம்ஸ்’ ஆசிரியர்கள் எனப் பலரை அருகிலிருந்து பார்த்து நெடிய ஆளுமைச் சித்திரங்கள் தீட்டினார். டர்னர் சித்திரத்துக்கு அமெரிக்காவின் தேசிய இதழியல் விருது கிடைத்தது. 2009இல் கூகுளைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.

இவ்வழி தருவது என்ன? முதலில், முடிவுகள் பிறக்கும் விதம். முதலாளி கட்டளையிட்டார் என்று வெளியிலிருந்து சொல்லலாம். அவர் கட்டளையிடாமலேயே கீழே இருப்பவர்கள் அவர் மனத்தை முன்கூட்டி அறிந்து நடப்பதை உள்ளே இருந்தால்தான் காண முடியும். இரண்டாவது, பழகிய தொடர்புகள். 2011இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஆசிரியர் பொறுப்பை ஏற்ற ஜில் ஏப்ரம்சனைப் பற்றி ஆலெட்டா சித்திரம் எழுதியிருந்தார். 2014 மே மாதம் ஏப்ரம்சன் திடீரென நீக்கப்பட்டபோது, முந்தைய ஆசிரியரைவிடத் தமக்குக் குறைந்த ஊதியம் தரப்பட்டது குறித்து அவர் கேள்வி எழுப்பியிருந்தார் என்ற செய்தியை உடனே வெளிக்கொணர்ந்தவர் ஆலெட்டாதான். ஊதியப் பாகுபாடு இருந்ததில்லை என்று நாளிதழின் நிர்வாகம் மறுத்தது. யார் சொன்னது சரி என்பதைத் தனியே விவாதிக்கலாம். அக்கேள்வி பொதுவெளிக்கு வந்ததற்கு அந்தப் பழைய தொடர்பு உதவியது என்பதில் ஐயம் குறைவு.

மறுப்பும் வலுவானது. நேரம் ஒதுக்கும் அதிபர் தம் கணக்கோடுதான் ஒதுக்குகிறார். அறைக்குள் அனுமதிக்கப்பட்டவர் அடுத்த முறையும் அனுமதி வேண்டும் என்று நினைக்காமல் இருப்பது கடினம். அதிபரைக் கதையின் நாயகனாக்கும்போது, அவருடைய நிறுவனத்தில் வேலையிழந்தவரும் அவமானப்பட்டவரும் துணைப் பாத்திரங்களாகச் சுருங்கிப்போகிறார்கள். இது ஆலெட்டா என்ற ஒருவரின் குறையா, வடிவத்தின் குறையா என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை.

2002 முதல் 2017 வரை: ஒரு சோதனை

இந்த வாதத்தை மிகக் கடுமையாகச் சோதித்தது ஹார்வி வைன்ஸ்டீன் விவகாரம். மிராமேக்ஸ் திரைப்பட நிறுவனத்தின் தலைவரான அவர், 1999இல் தொடங்கப்பட்ட ‘டாக்’ இதழுக்கும் பின்புலமாக இருந்தார். புத்தக ஒப்பந்தம், திரைக்கதை வாய்ப்பு என்று எழுத்தாளர்களுக்குக் கொடுக்க அவரிடம் நிறைய இருந்தது. அவரைப் பற்றி எழுதக்கூடியவர்களே அவரிடம் வாய்ப்பை எதிர்பார்த்திருந்தார்கள். 2001இல் டேவிட் கார் ‘நியூயார்க்’ இதழிலும், 2002 டிசம்பரில் ஆலெட்டா ‘நியூயார்க்கர்’ இதழிலும் அவரைப் பற்றி எழுதினர். ஆலெட்டாவின் கட்டுரை வைன்ஸ்டீனின் முரட்டுத்தனத்தையும் மிரட்டலையும் மறைக்காமல் காட்டியது. ஆனால் ஆலெட்டாவுக்குத் தெரியவந்திருந்த மிகக் கொடிய விஷயம் அதில் இல்லை. லண்டனில் மிராமேக்ஸ் உதவியாளர்கள் இருவர் தொடர்பான பாலியல் குற்றச்சாட்டில் 1998இல் பணம் கொடுத்து எட்டப்பட்ட சமரசம்தான் அது. வாய் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தம் அப்பெண்களைக் கட்டியிருந்தது. வைன்ஸ்டீன் குற்றச்சாட்டை மறுத்தார். பெயர் சொல்லிப் பேச யாரும் இல்லாத நிலையில் அதை அச்சேற்ற முடியாது என்று ஆலெட்டாவும் ஆசிரியர் டேவிட் ரெம்னிக்கும் முடிவு செய்தனர்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபர் 5 அன்று ஜோடி கேன்டரும் மேகன் டூஹியும் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழிலும், 10 அன்று ரோனன் ஃபாரோ ‘நியூயார்க்கர்’ இதழிலும் உண்மையை வெளியிட்டனர். 2018இல் இரு நிறுவனங்களும் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டன. இந்த முடிவில் ஆலெட்டாவுக்கும் பங்கு உண்டு. அவர் நியூயார்க் பொது நூலகத்தில் ஒப்படைத்திருந்த பழைய குறிப்புகள் ஃபாரோவுக்குப் பயன்பட்டன. என்பிசி நிறுவனத்துக்காக ஃபாரோ திரட்டிய செய்தி அங்கே வெளிவராதபோது, ரெம்னிக்கிடம் அவரை அழைத்துச்சென்றதிலும் ஆலெட்டா துணை நின்றார். செய்தி அப்போது முழுமையடைந்திருக்கவில்லை என்பது என்பிசியின் தரப்பு; ஃபாரோ அதை ஏற்கவில்லை. வைன்ஸ்டீனைப் பற்றிய நூலை ஆலெட்டா 2022இல் ‘ஹாலிவுட் எண்டிங்’ என்ற பெயரில் வெளியிட்டார்.

இதை இரு விதமாகப் படிக்கிறார்கள். அருகிலிருந்து எழுதும் முறையின் தோல்வி இது என்பது ஒரு வாசிப்பு: தெரிந்திருந்தும் சொல்ல முடியவில்லை; அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ‘கவனமாக இருந்தோம்’ என்ற பதில் போதாது. சான்று நெறியின் நேர்மை இது என்பது மறு வாசிப்பு: பெயரற்ற குற்றச்சாட்டை அன்றே வெளியிட்டிருந்தால் வழக்கில் இதழ் தோற்றிருக்கலாம், பிறகு எவரும் அப்பக்கம் திரும்பாமல் இருந்திருக்கலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஆலெட்டாவின் நெருக்கத்தை மையமாக வைத்துப் பேசுகின்றன. தடை உண்மையில் வேறிடத்தில் இருந்தது: பெண்களின் வாயைக் கட்டிய ஒப்பந்தத்தில். நெருங்கியவருக்கும் விலகி நின்றவருக்கும் அத்தடை ஒன்றுதான்.

அனுமதி பெற்ற நூலும் பெறாத நூலும்

அதிபர்களின் வாழ்க்கை வரலாறுகளை ஒப்பிடும்போது நெருக்கத்தின் விலை தெளிவாகத் தெரிகிறது. பிரிட்டனின் ‘மிரர்’ குழும அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லைப் பற்றி 1988இல் இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று, அவரது நாளிதழிலேயே பணியாற்றிய ஜோ ஹெய்ன்ஸ் எழுதிய அனுமதி பெற்ற வரலாறு. மற்றது, டாம் போவர் அனுமதியின்றி எழுதியது. போவரின் நூலை முடக்க மேக்ஸ்வெல் வழக்குகளைத் தொடுத்தார். 1991 நவம்பரில் மேக்ஸ்வெல் கடலில் இறந்தார். தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து பல கோடி பவுண்டு எடுக்கப்பட்டிருந்தது பின்னரே அம்பலமானது. ஐயத்தோடு எழுதியவரின் பக்கம் உண்மை இருந்தது. ஆனால் முழு மோசடி போவருக்கும் எட்டவில்லை. வழக்கு அச்சம் எத்தனை செய்தியறைகளை அமைதியாக்கியது என்பதே இந்நிகழ்வின் பெரிய பாடம்.

ஃபாக்ஸ் நியூஸ் தலைவர் ரோஜர் ஏல்ஸ் விஷயத்திலும் இதே இரட்டை அமைந்தது. அவருடைய ஒத்துழைப்போடு ஸேவ் சேஃபெட்ஸ் எழுதிய நூல் 2013இல் வந்தது. ஒத்துழைப்பு மறுக்கப்பட்ட நிலையில் நூற்றுக்கணக்கானோரைச் சந்தித்து கேப்ரியல் ஷெர்மன் எழுதிய நூல் 2014இல் வந்தது. ஏல்ஸ் பெண்களிடம் முறைகேடாக நடந்ததைப் பற்றிய சாட்சியங்கள் ஷெர்மனின் நூலில் இடம்பெற்றன; ஆயினும் அப்போது எதுவும் அசையவில்லை. 2016 ஜூலை 6 அன்று தொகுப்பாளர் கிரெச்சன் கார்ல்சன் வழக்குத் தொடுத்தபின், இரண்டே வாரங்களில் ஏல்ஸ் பதவி விலகினார். அந்த நாட்களில் செய்தியை முன்னின்று வெளியிட்டவர்களில் ஷெர்மன் முக்கியமானவர். பல ஆண்டுகள் வெளியே நின்று சேர்த்த தொடர்புகள் அப்போது கைகொடுத்தன.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. மைக்கேல் வுல்ஃப் 2008இல் எழுதிய முர்டாக் வரலாற்றுக்கு முர்டாக்கே ஐம்பது மணி நேரத்துக்கு மேல் பேசினார். அனுமதி இருந்தும் நூல் துதிப்பாடலாக அமையவில்லை. ஆகவே, அனுமதி என்றாலே அடிமைத்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. அனுமதி பெற்றவர் எழுதும்போது யாருக்குக் கட்டுப்பட்டவர், கையெழுத்துப் பிரதியை யார் திருத்தலாம், அடுத்த வேலைக்கு யாரை நம்பியிருக்கிறார் என்பவை அனுமதியைவிட முக்கியமான கேள்விகள்.

ஆவணத்தின் வழி

நிக் டேவிஸ் ‘கார்டியன்’ நாளிதழில் செய்த புலனாய்வு வேறொரு முறையைக் காட்டுகிறது. முர்டாக்கின் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ இதழின் செய்தியாளர் ஒருவரும் தனியார் துப்பறிவாளர் ஒருவரும் 2007இல் தொலைபேசிக் குரலஞ்சல்களை ஒட்டுக்கேட்டதற்காகச் சிறை சென்றனர். வழிதவறிய ஒரே ஒருவரின் செயல் அது என்று நிறுவனம் சொல்லிவந்தது. 2009 ஜூலையில், பாதிக்கப்பட்டவர்களுக்கு ரகசியமாகப் பெரும் தொகை கொடுக்கப்பட்டதை டேவிஸ் வெளியிட்டார். பிற நாளிதழ்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. பத்திரிகைத் துறையின் சொந்தப் புகார் ஆணையம் அதே ஆண்டு நவம்பரில் புதிய சான்று எதுவும் இல்லை என்றது. பிறகு 2011இல் அந்த அறிக்கையைத் திரும்பப் பெற நேர்ந்தது.

2011 ஜூலை 4 அன்று, கொலையுண்ட பள்ளிச் சிறுமி மில்லி டௌலரின் கைபேசியும் ஒட்டுக்கேட்கப்பட்டது என்ற செய்தி வந்ததும் நிலை தலைகீழானது. 168 ஆண்டுகள் நடந்த இதழ் ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. பிஸ்கைபி தொலைக்காட்சி நிறுவனத்தை முழுமையாக வாங்கும் முயற்சியை முர்டாக் கைவிட்டார். நீதிபதி லெவிசன் தலைமையில் விசாரணை நடந்து, 2012 நவம்பரில் அறிக்கை வெளியானது. முன்னாள் ஆசிரியர் ஆண்டி கோல்சன் 2014இல் தண்டிக்கப்பட்டார். மற்றொரு முன்னாள் ஆசிரியர் ரெபெக்கா புரூக்ஸ் விடுவிக்கப்பட்டார்.

முர்டாக்கின் மேசையில் அமராமலே, காவல்துறை ஆவணங்களையும் வழக்கறிஞர்களையும் முன்னாள் ஊழியர்களையும் கொண்டு டேவிஸ் இதைச் சாதித்தார். பல ஆண்டுகள் காத்திருந்த ஓர் ஆசிரியரும், லாபத்துக்காக நடத்தப்படாத அறக்கட்டளை உரிமையும் அவருக்குப் பின்னால் இருந்தன. இம்முறையும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. சிறுமியின் குரலஞ்சல்களைச் செய்தியாளர்களே அழித்தனர் என்ற கூற்று உறுதியானதல்ல என்று பின்னர் தெரியவந்து, ‘கார்டியன்’ அதைத் திருத்த வேண்டியிருந்தது. ஒட்டுக்கேட்டது உண்மை, அழித்தது நிறுவப்படவில்லை. மக்களின் கோபத்தை மூட்டியதில் அந்த இரண்டாவது கூற்றுக்குப் பெரும் பங்கு இருந்ததால், இது சிறிய திருத்தம் அல்ல. மேலும், ஆவணம் சட்டமீறலை நிறுவும்; ஓர் அதிபர் சட்டத்தை மீறாமலே பொதுவாழ்வை வளைக்கும் விதத்தை ஆவணத்தால் மட்டும் காட்ட முடியாது.

ஆளா, அமைப்பா?

இவை எல்லாவற்றையும் ஒருசேர மறுக்கும் தரப்பு ஒன்று உண்டு. பென் பக்டிகியன் 1983இல் எழுதிய ‘தி மீடியா மோனோபோலி’ நூல், அமெரிக்க ஊடகத்தின் பெரும்பகுதி சுமார் 50 நிறுவனங்களிடம் குவிந்திருப்பதைக் காட்டியது. அடுத்தடுத்த பதிப்புகளில் அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. எட்வர்ட் ஹெர்மனும் நோம் சாம்ஸ்கியும் 1988இல், உரிமை, விளம்பரம், செய்தி மூலம் போன்ற வடிகட்டிகளே செய்தியின் உருவத்தைத் தீர்மானிக்கின்றன என்று வாதிட்டனர். இவர்கள் பார்வையில் முர்டாக் போனால் இன்னொருவர் வருவார். ஆளை எழுதுவது கவனத்தைத் திசைதிருப்பும்.

இந்த வாதத்தின் வீச்சு பெரியது. ஆனால் ஒரே அமைப்புக்குள் இரண்டு அதிபர்கள் ஏன் வெவ்வேறாக நடக்கிறார்கள் என்பதை அது எளிதில் விளக்குவதில்லை. ஆளைப் பற்றிய எழுத்து அமைப்பைக் காட்ட முடியாது என்பதும் சரியன்று. 2012 அக்டோபரில் ஆலெட்டா ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ உரிமையாளர்களான சமீர், வினீத் ஜெயின் சகோதரர்களைப் பற்றி ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதினார். வருவாயில் மிகப் பெரும் பங்கு விளம்பரத்திலிருந்து வருவதால் தங்கள் தொழில் விளம்பரத் தொழிலே என்ற கருத்தை வினீத் ஜெயின் அதில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். துணை இதழ்களில் பணம் பெற்று இடமளிக்கும் மீடியாநெட் திட்டமும், நிறுவனப் பங்குகளுக்கு ஈடாக விளம்பரம் தரும் தனி உடன்பாடுகளும் அக்கட்டுரையில் விவரிக்கப்பட்டன. கோட்பாட்டாளர்கள் வெளியிலிருந்து நிறுவ முயன்றதை முதலாளியே தம் வாயால் விளக்கினார். அருகில் அமர்ந்து கேட்டதால் கிடைத்த பயன் இது.

இந்தியாவின் மிகப்பெரிய ஆங்கில நாளிதழின் உரிமையாளர்களைப் பற்றிய அத்தகைய விரிவான சித்திரம் வெளிநாட்டு இதழில் வர வேண்டியிருந்ததும் எண்ணிப்பார்க்கத் தக்கது. ஒரு நாளிதழ் இன்னொரு நாளிதழைப் பற்றி எழுதாது என்ற எழுதப்படாத உடன்பாடு இங்கே நெடுங்காலம் நிலவியது. 2001இல் செவந்தி நைனான் தொடங்கிய ‘தி ஹூட்’ தளமும், ஊடகத் தலைவர்களை நீண்ட கட்டுரைகளில் ஆராய்ந்த ‘கேரவன்’ இதழும் அதை மீறிய முயற்சிகள். விலைக்கு வாங்கப்படும் செய்திகள் குறித்துப் பரஞ்சய் குஹா தாக்குர்தாவும் கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டியும் 2010இல் இந்தியப் பத்திரிகைக் குழுவுக்காகத் தயாரித்த அறிக்கை, பெயர்கள் நீக்கப்பட்டுச் சுருக்கமாகவே முதலில் வெளியானது. முழு அறிக்கை வெளிவரத் தகவல் ஆணையம் தலையிட வேண்டியிருந்தது.

சொந்த உரிமையாளரும் நீதிமன்றச் செலவும்

எந்த வழியும் சரியாகத் தீர்க்காத இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, எழுதுபவரின் சொந்த முதலாளி. 1985 முதல் ‘நியூயார்க்கர்’ இதழே நியூஹவுஸ் ஊடகக் குடும்பத்தின் சொத்து. பிற அதிபர்களைத் துணிவோடு எழுதும் இதழ்கள் தம் உரிமையாளரிடம் வரும்போது பொதுவாகத் தயங்குகின்றன. 2019இல் மைக்கேல் புளூம்பெர்க் அமெரிக்க அதிபர் தேர்தல் களத்தில் இறங்கியபோது, அவருடைய செய்தி நிறுவனம் அவரைப் பற்றிப் புலனாய்வு செய்வதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. 2025 ஜனவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஓவியர் ஆன் டெல்நேஸ், உரிமையாளர் ஜெஃப் பெசோஸும் இடம்பெற்ற கேலிச்சித்திரம் மறுக்கப்பட்டதால் பதவி விலகினார். அதே பொருளில் ஒரு பத்தி ஏற்கெனவே வந்திருந்ததும் இன்னொன்று வரவிருந்ததுமே மறுப்புக்குக் காரணம் என்றார் கருத்துப் பக்க ஆசிரியர்.

இரண்டாவது, பணம். தம்மைப் பற்றி எழுதிய ‘காக்கர்’ தளத்துக்கு எதிராக, தமது அந்தரங்கக் காட்சியை வெளியிட்டதற்காக வேறொருவர் தொடுத்த வழக்குக்குத் தொழில்நுட்ப முதலீட்டாளர் பீட்டர் தீல் ரகசியமாகப் பணம் கொடுத்தார். 2016இல் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது, தளம் திவாலானது. அத்தளம் வெளியிட்ட அந்தரங்கக் காட்சியை ஆதரிக்க முடியாது என்போரும், ஓர் இதழை அழிக்கும் வலு தனி ஒருவரின் பணப்பைக்கு இருப்பதைக் கண்டு கவலைப்பட்டனர். இன்றைய அதிபர்களில் சிலர் செய்தி பரவும் தளங்களுக்கே உரிமையாளர்கள். எலான் மஸ்க் 2022இல் ட்விட்டரை வாங்கிய சில வாரங்களிலேயே, அவரைப் பற்றி எழுதிவந்த செய்தியாளர்கள் சிலரின் கணக்குகள் முடக்கப்பட்டன. எழுதியதை வாசகரிடம் கொண்டுசேர்க்கும் பாதையே எழுதப்படுபவரின் கையில் இருக்கும் நிலைக்குப் பழைய விடைகள் எதுவும் தயாராக இல்லை.

மதிப்பீடு

மேற்கண்ட வழிகளில் எதுவும் தனித்து வென்றதற்குச் சான்று இல்லை. வெளியிலிருந்து குற்றஞ்சாட்டியவர்கள் கேள்வியை உருவாக்கினர். வாசித்து விமர்சித்தவர்கள் அளவுகோலைத் தந்தனர். அருகில் அமர்ந்தவர்கள் முடிவுகள் பிறக்கும் விதத்தைக் காட்டினர். ஆவணம் தேடியவர்கள் குற்றத்தை நிறுவினர். அமைப்பை ஆராய்ந்தவர்கள் ஆளின் பின்னால் இருப்பதைச் சுட்டினர். ஏல்ஸும் வைன்ஸ்டீனும் வீழ்ந்தது, முன்னவர்கள் விட்டுச்சென்ற பதிவும், பேசத் துணிந்த பெண்களும், பின்வாங்காத ஆசிரியரும் ஒரே நேரத்தில் கூடியபோதுதான்.

ஆகவே, எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வி தேவையானது என்றாலும் முதன்மையானதன்று. நெருங்கியவரின் குறிப்புகள் யாருக்குப் பயன்படப்போகின்றன, அவருக்குப் பின்னால் எந்த நிறுவனம் நிற்கிறது, சாட்சி சொல்லக்கூடியவரின் வாயைக் கட்டியிருப்பது எது என்ற கேள்விகள் அதற்கு முன்னால் வர வேண்டும். ஊடக அதிபர்களை எழுதும் செய்தியாளரின் பணியை, அவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற கணக்கால் அளப்பது அநீதி. அடுத்து வருபவர் தொடரும்படி எவ்வளவு நேர்மையான பதிவை விட்டுச்சென்றார் என்பதே பொருத்தமான அளவு. அந்த அளவில் ஆலெட்டாவின் பணி மதிப்புக்குரியது. 2002இல் அவர் எழுதாமல் விட்டதையும் சேர்த்தே அம்மதிப்பைக் கணிக்க வேண்டும்.

தீராதவை இன்னும் உள்ளன. குற்றத்தை மறைக்கும் வாய்ப்பூட்டு ஒப்பந்தங்களைச் சட்டம் எந்த அளவுக்குச் செல்லாதவையாக்க வேண்டும்? பணபலத்தால் நடத்தப்படும் அவதூறு வழக்குகளிலிருந்து சிறிய இதழ்களைக் காப்பது எப்படி? தன் உரிமையாளரைப் பற்றி எழுத ஒரு செய்தியறைக்கு உரிமையளிக்கும் ஏற்பாடு எது? இவற்றுக்கு விடை காணும் பொறுப்பைச் செய்தியாளர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. தாம் படிக்கும் நாளிதழும் பார்க்கும் தொலைக்காட்சியும் யாருக்குச் சொந்தம், அந்த உரிமையாளரைப் பற்றி அவை கடைசியாக எப்போது எழுதின என்று வாசகர்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.